ஏழு மாதம் பதினொரு நாள் கொப்பளித்தவன்

என் தம்பி தியாகராஜாவுக்கு நாங்கள் பார்த்த மூன்று பெண் வீட்டாரும் ஜாதகம் பொருந்தவில்லை என்று சொல்லித்தான் ஒதுங்கினார்கள். ஜாதகத்தில் ஒரு குறையும் இல்லை. குறை அவன் வாயில் இருந்தது. அவன் வாயைத் திறந்து வணக்கம் சொன்னால் எதிரே உட்கார்ந்திருப்பவர் நாற்காலியை ஓரங்குலம் பின்னால் தள்ளுவார். இரண்டாவது வீட்டில் பெண்ணின் தகப்பனார் தள்ளித் தள்ளிக் கடைசியில் சுவரில் போய் முட்டிக்கொண்டார். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. மூன்றாவது வீட்டில் பெண்ணே முந்தானையால் மூக்கைப் பொத்திய பிறகுதான் உறைத்தது. கூடவே இருந்து இருந்து என் மூக்குக்குப் பழகிவிட்டது போலிருக்கிறது.

அம்மாவும் அப்பாவும் அடுத்தடுத்துப் போன பிறகு அவன் ஜெலுத்தோங்கில் எங்களோடுதான் இருந்தான். முப்பத்தைந்து வயது, அரசாங்க ஆபீஸில் பெரிய கிராணி, பேனா பிடிக்கிற உத்தியோகம். குடி கிடையாது, சீட்டு கிடையாது. பினாங்கில் யாழ்ப்பாணத்துக் குடும்பங்களே கொஞ்சம், அதில் கல்யாண வயதில் பெண் இருக்கும் வீடுகள் அதைவிடக் கொஞ்சம். மூன்று கைவிட்டுப் போயாயிற்று. அம்மா ஆஸ்பத்திரிக் கட்டிலில் என் கையைப் பிடித்துக்கொண்டு தன் நோயைப் பற்றிப் பேசவில்லை, இவன் கல்யாணத்தைப் பற்றித்தான் பேசினார். எனக்கு அந்த நினைப்பு வந்தால் சோறு இறங்காது. இவனோ இரண்டு தட்டு சாப்பிட்டுவிட்டு ரேடியோ கேட்பான்.

எண்பத்தைந்தாம் வருஷம் டிசம்பரில் ஒரு சனிக்கிழமை அவனைப் பர்மா ரோட்டில் இருந்த பல் வைத்தியர் ஆனந்தராஜாவிடம் இழுத்துக்கொண்டு போனேன். இழுத்துக்கொண்டு என்றுதான் சொல்ல வேண்டும். நான் வெளியே உட்கார்ந்திருந்தேன். முக்கால் மணி நேரம் உள்ளேயிருந்து கறகறவென்று சுரண்டும் சத்தம் கேட்டது. பிறகு டாக்டர் என்னைக் கூப்பிட்டு விளக்கினார். பல்லும் ஈறும் சேருகிற இடத்தில் பசை மாதிரி ஒரு அழுக்குப் படியுமாம், அதைச் சரியாகத் துலக்கி எடுக்காவிட்டால் அது கல்லாக இறுகிவிடுமாம், அதனால் ஈறு வீங்கி, தொட்டால் ரத்தம் வந்து, வாய் நாறுமாம். கல்லையெல்லாம் எடுத்துவிட்டேன், ஈறு ஆறும் வரைக்கும் புதிதாக அழுக்குப் படியாமல் இருக்க ஒரு மருந்துத் தண்ணீர் தருகிறேன், ஆனால் இதைக் கொப்பளிக்கிறோமே என்று பல் துலக்குவதை விட்டுவிடக் கூடாது என்றார். ரோஸ் நிறத்தில் அழகாக இருந்தது அந்த மருந்து. பாட்டிலின் மேல் ஒரு தாள் ஒட்டியிருந்தது. காலையும் மாலையும், பல் துலக்கி அரை மணி நேரம் கழித்து, ஒரு மூடி அளவு, ஒரு நிமிடம் கொப்பளித்துத் துப்பவும் என்று டைப் அடித்திருந்தது. அவ்வளவுதான் இருந்தது.

இங்கே என் தம்பியின் குணத்தைச் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் நடந்தது எதுவும் விளங்காது. அவன் ஆபீஸில் எழுபத்தொன்றாம் வருஷம் ஒரு சர்க்குலர் வந்ததாம். பக்கத்துக் கட்டடத்துக்குச் சுண்ணாம்பு அடிக்கிறார்கள், ஆகவே கிழக்குப் பக்கத்து ஜன்னலை மூன்று மணிக்கு மூடிவிடவும் என்று. சுண்ணாம்பு அடித்து முடித்தார்கள். அதற்குப் பிறகு அந்தக் கட்டடத்தையே இடித்துத் தள்ளிவிட்டுக் காடி நிறுத்தும் இடமாக்கிவிட்டார்கள். என் தம்பி இன்றைக்கும் மூன்று மணிக்கு எழுந்து போய் அந்த ஜன்னலை மூடுகிறான். கேட்டால், எழுத்தில் வந்தது எழுத்தில்தான் ரத்தாக வேண்டும், இதுவரைக்கும் ரத்து வரவில்லை என்பான்.

வீட்டிலும் அதே கதைதான். ஒருநாள் பால் டின் இரண்டு வாங்கி வா என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதிச் சாப்பாட்டு மேசையில் வைத்துவிட்டு நான் ஈப்போவுக்குப் போய்விட்டேன். ஐந்து நாள் கழித்து வந்து பார்க்கிறேன், அலமாரியில் பத்து டின் பால். சீட்டு மேசையிலேயே இருந்ததே அக்கா என்றான். அன்றைக்கே நான் கற்றுக்கொண்டிருக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கொப்பளிப்பு தொடங்கியது. ஆறு மணிக்குப் பல் துலக்குவான். நாற்காலியில் உட்கார்ந்து அரை மணி நேரம் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பான். ஆறரைக்கு எழுந்து குளியலறைக்குப் போவான். கைக்கடிகாரத்தைக் கண்ணெதிரே பிடித்துக்கொண்டு ஒரு நிமிடம், அறுபது விநாடி, ஒன்று கூடாது ஒன்று குறையாது. களகளவென்று அந்தச் சத்தத்துக்கு அடுத்த வீட்டுச் சீனக் கிழவர் எழுந்து தன் கூண்டுப் பறவையை வெளியே மாட்டுவார். துப்பிவிட்டு வந்து உட்கார்ந்தால் அவனுக்கு ஒரு பெரிய கிளாஸ் கோப்பி ஓ வேண்டும், பால் கலக்காத கறுப்புக் கோப்பி. மாலை ஆறரைக்கும் இதே கூத்து, அதற்குப் பிறகும் ஒரு கோப்பி ஓ.

உள்ளதைச் சொல்ல வேண்டும், பலன் இருந்தது. பத்தே நாளில் ரத்தம் நின்றது. பொங்கலுக்கு முன்பே வாடை போய்விட்டது. என் வீட்டுக்காரர், எதிலும் தலையிடாத மனிதர், அவரே ஒருநாள் அவன் பக்கத்தில் உட்கார்ந்து பேப்பர் படித்தார். நான் தண்ணீர்மலைக்குப் போய் அர்ச்சனை செய்துவிட்டு வந்தேன். இனி நாலாவது இடம் தேடலாம் என்று நினைத்தேன். அந்த நினைப்பில் மண் விழுந்தது மார்ச் மாதத்தில்.

முதலில் உப்புச் சண்டை வந்தது. பருப்பில் உப்பில்லை என்றான். கத்தரிக்காய்க் குழம்பில் உப்பில்லை என்றான். இருபது வருஷமாக அதே கை, அதே கரண்டி. உப்பு ஜாடியைத் தன் தட்டுக்குப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு சாப்பிடத் தொடங்கினான். எனக்கு எவ்வளவு கோபம் வந்தது என்று சொல்ல முடியாது. நான் இரண்டு நாள் சமைக்காமல் ரொட்டி வாங்கிப் போட்டேன். ரொட்டியிலும் உப்பில்லை என்றான்.

அதற்கப்புறம் பல். ஒருநாள் ஏதோ சொல்லிச் சிரித்தபோது பார்த்தேன், முன்பல் இடுக்கில் பழுப்பாக ஒரு கோடு. ஏப்ரலில் அது எல்லாப் பல்லுக்கும் பரவியது. மே மாதத்தில் கோப்பித் தூளைக் குழைத்துப் பூசிய மாதிரி ஆகிவிட்டது. துலக்கினால் போகவில்லை, எலுமிச்சம்பழமும் உப்பும் வைத்துத் தேய்த்தும் போகவில்லை. அவன் ஒளித்து வைத்துச் சிகரெட் குடிக்கிறான் என்று நான் முடிவு கட்டினேன். சட்டைப் பையைத் துழாவினேன், தலையணைக்கடியில் பார்த்தேன், சட்டையை மோந்து பார்த்தேன். சவர்க்கார வாசம்தான் வந்தது. அந்த ரோஸ் தண்ணீர் மேல் மட்டும் எனக்குச் சந்தேகமே வரவில்லை. அதுதானே அவன் வாயைக் காப்பாற்றிய மருந்து. பாட்டில் தீரத் தீரச் சூலியா தெருவில் நாகூர் மீரான் அண்ணன் மருந்துக் கடையில் நானே போய் வாங்கிக்கொண்டு வந்தேன்.

டாக்டரைப் போய்ப் பார் என்று விரட்டினேன். ஆறு மாதம் கழித்து வரவும் என்று அட்டையில் எழுதியிருக்கிறது, ஜூனில்தான் போவேன் என்றான். ஜூனில் போனான். கதவில் ஒரு பலகை தொங்கியதாம், டாக்டர் மேல்படிப்புக்காக லண்டன் போயிருக்கிறார் என்று. வேறு டாக்டரைப் பார்க்கலாமே என்றேன். உத்தரவு போட்டவர் ஊரில் இல்லாதபோது இன்னொருவரிடம் போவது முறையில்லை என்று சொல்லிவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தான். ஆறரை ஆகியிருந்தது.

இந்த நேரம் பார்த்துத்தான் நாலாவது இடம் வந்தது. கோயிலில் பழக்கமான யோகம்மா அக்காவின் மகள் அருந்ததி. முப்பது வயது, நல்ல படிப்பு, நல்ல உயரம், கிரீன் லேனில் சொந்த வீடு. யோகம்மா அக்காவின் கணவர் அப்புத்துரை துறைமுகத்தில் பெரிய கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவர். மாப்பிள்ளையும் கிராணி என்றதும் அவருக்குப் பாதி சம்மதம். யோகம்மா அக்கா ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். மாப்பிள்ளை சுருட்டுக் குடிக்கிறவனாக இருக்கக் கூடாது. தன் கணவரின் யாழ்ப்பாணத்துச் சுருட்டு வாசத்தோடு முப்பது வருஷம் குடித்தனம் நடத்தி, அவரைக் கொல்லைப்புறத்தில் உட்காரவைத்து உட்காரவைத்து ஒருவழியாக நிறுத்தவைத்தவர் அவர். தன் மகளுக்கு அந்தக் கதி வேண்டாம் என்றார். நான் தலையாட்டிவிட்டு, பெண் எங்கே வேலை பார்க்கிறாள் என்று கேட்டேன்.

அரசாங்க டெண்டல் நர்ஸ் என்றார். பள்ளிக்கூடப் பிள்ளைகளின் பல்லைப் பார்க்கிற வேலை.

மற்றப் பெண்கள் மாப்பிள்ளையின் முகத்தைப் பார்ப்பார்கள், கைக்கடிகாரத்தைப் பார்ப்பார்கள். இவள் எங்கே பார்ப்பாள்? என் தம்பியின் பல்லை இப்போது இருக்கிற இலட்சணத்தில் அவள் பார்த்தால் அத்தோடு முடிந்தது. இந்த இடமும் போனால் பினாங்கில் அவனுக்கு வேறு பெண் இல்லை. நான்கு நாள் யோசித்தேன். வேறு வழி தோன்றவில்லை, அங்கே இருக்கும் வரைக்கும் வாயைத் திறக்காதே என்று அவனிடம் சொன்னேன்.

சரி என்றான். ஆனால் அவன் சரி என்று சொன்னதில் எனக்கு நம்பிக்கை இல்லை. மறந்து சிரித்துவிட்டால்? நானாகவே ஒரு தாளை எடுத்து எழுதினேன், பல் தெரியும்படி வாயைத் திறக்கக் கூடாது என்று. கீழே தவமணி என்று கையெழுத்துப் போட்டேன். அவன் வாங்கிப் படித்துவிட்டுத் தேதி இல்லையே என்றான். தேதியும் போட்டுக் கொடுத்தேன். நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். என் புத்திசாலித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

சனிக்கிழமை ஏழு மணிக்கு வரச் சொல்லியிருந்தார்கள். ஆறரைக்கு நானும் என் வீட்டுக்காரரும் உடுத்திக்கொண்டு காடியில் உட்கார்ந்திருக்கிறோம், உள்ளே களகளவென்று சத்தம் கேட்கிறது. அறுபது விநாடியும் முடிந்து, கோப்பியும் குடித்துவிட்டுத்தான் வந்தான்.

அப்புத்துரை கலகலப்பான மனிதர். வாசலிலேயே கையைப் பிடித்துக் கூட்டிப்போனார். உட்கார்ந்ததும் துறைமுகத்துக் கதைகளை எடுத்துவிட்டார். அரிசி மூட்டையோடு ஒரு வெள்ளைக்காரத் துரையைக் கிரேனில் தூக்கிவிட்ட கதைக்கு நான் சிரித்தேன், என் வீட்டுக்காரர்கூடச் சிரித்தார். என் தம்பி உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு ம் என்றான். இன்னொரு கதை சொன்னார். அதற்கும் ம். ஆபீஸைப் பற்றிக் கேட்டதற்கு மேலுதட்டை அசைக்காமல் மூக்கால் பதில் சொன்னான். அப்புத்துரையின் முகம் சுருங்கியது. மெல்ல என் வீட்டுக்காரர் பக்கம் சாய்ந்து, தம்பிக்கு முன்னே எப்போதாவது வாதம் வந்திருக்கிறதா என்று விசாரித்தார்.

அருந்ததி வடையும் கோப்பியும் கொண்டுவந்தாள். நீலச் சேலை. தலையைக் குனிந்துகொண்டெல்லாம் வரவில்லை, நேராக வந்து, நேராகப் பார்த்து, தட்டை வைத்துவிட்டுச் சமையலறை வாசலில் போய் நின்றாள். எனக்கு அவளைப் பிடித்துவிட்டது. பிடித்ததால் பயமும் கூடியது.

நான் வடையைக் கடித்தேன். கடவுளே, உப்பு. தாயும் மகளும் பதற்றத்தில் ஆளுக்கொரு முறை போட்டிருக்கிறார்கள் என்று பிறகு தெரிந்தது. நாக்கு உள்ளே சுருண்டுகொண்டது. என் வீட்டுக்காரர் ஒரு வாய் கடித்துவிட்டுத் தன் தண்ணீரைக் குடித்தார், பிறகு என் தண்ணீரையும் எடுத்துக் குடித்தார். அப்புத்துரை வடையைக் கையில் வைத்துக்கொண்டு அதோடு பேசுவது போலப் பார்த்துக்கொண்டிருந்தார். யோகம்மா அக்காவின் முகம் வெளுத்துக்கொண்டே போனது.

என் தம்பி ஒரு கையால் வாயை மறைத்துக்கொண்டு முதல் வடையை முடித்தான். இரண்டாவதை எடுத்தான். மூன்றாவதையும் எடுத்தான். யோகம்மா அக்காவுக்கு உயிர் வந்தது. வடை பிடித்திருக்கிறதா தம்பி என்று கேட்டார். அவன் மனதாரத் தலையை ஆட்டினான். அவர் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. இன்னும் இரண்டு கொண்டுவந்து அவன் தட்டில் வைத்தார். நான் மூச்சு விட்டேன். வாயைத் திறக்காமலே காரியம் முடிந்துவிடும் போலிருந்தது.

நாலாவது வடைக்குள் ஒரு முழுப் பச்சை மிளகாய் இருந்தது.

உப்புத் தெரியாத நாக்குக்கு உறைப்பு மட்டும் நன்றாகத் தெரிந்திருக்கிறது. முகம் சிவந்தது, கண் பிதுங்கியது, ஐந்து விநாடி வாயை மூடியபடியே போராடினான். அவனும் எவ்வளவுதான் தாஹான் பண்ணுவான், எவ்வளவுதான் பொறுப்பான், பாவம். கடைசியில் ஹா என்று வாய் திறந்துகொண்டது. கூடத்து டியூப் லைட் வெளிச்சத்தில் மேல்வரிசை, கீழ்வரிசை, கடவாய் வரைக்கும் எல்லாம் தெரிந்தது.

யோகம்மா அக்கா மெல்ல எழுந்து அவன் முன்னாலிருந்த வடைத் தட்டை எடுத்துக்கொண்டார்.

"தவமணி, நான் ஒன்னே ஒன்னுதான் கேட்டேன். சுருட்டுப் பிடிக்கிற பையன் வேணாம்னு."

நான் பதறிப்போனேன். சத்தியம் செய்தேன். அவன் சட்டையை நானே மோந்து பார்த்திருக்கிறேன் என்றேன், அது இன்னும் மோசமாகப் போனது. சந்தேகம் இல்லாமலா மோந்து பார்த்தாய் என்றார். நீயே சொல்லுடா என்று தம்பியைப் பார்த்தேன். அவன் அதற்குள் வாயை இறுக மூடிக்கொண்டிருந்தான். என்னை ஒருமுறை பார்த்தான், இரண்டு விரலால் சட்டைப் பையைத் தொட்டுக் காட்டினான். என் தாள். அவன் மேல் பழி வந்து விழுகிறது, வாயைத் திறந்து இல்லை என்று சொல்ல வேண்டிய நேரம், என் உத்தரவு அவன் வாயைக் கட்டிவைத்திருக்கிறது. அந்த நிமிடத்தில் அவனை அறையலாமா என்னை அறைந்துகொள்ளலாமா என்று எனக்குத் தெரியவில்லை. அப்புத்துரை எழுந்து நின்றுவிட்டார். அம்மாவின் முகம் எனக்கு ஞாபகம் வந்தது.

சமையலறை வாசலில் நின்ற அருந்ததி உள்ளே வந்தாள். அப்பாவிடம் டார்ச் லைட்டைக் கேட்டு வாங்கினாள். ஒரு தேக்கரண்டியைச் சுடுதண்ணீரில் அலசிக்கொண்டு வந்தாள். என் தம்பிக்கு முன்னால் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"வாயத் திறங்க."

அவன் என்னைப் பார்த்தான். திறடா என்றேன். அசையவில்லை, மறுபடியும் பையைத் தொட்டான். பிறகு உதடு பிரியாமல் அவளைக் கேட்டான்.

"நீங்க கவர்மெண்ட் செர்விஸா?"

"ஆமா. எட்டு வருஷமா கவர்மெண்ட் டெண்டல் நர்ஸ்."

அவன் யோசித்தான். அவன் மண்டைக்குள் என்ன ஓடியது என்று எனக்குத் தெரியும். அக்காவின் உத்தரவா, அரசாங்க அதிகாரியின் உத்தரவா, எது மேலே என்று பார்த்தான். பார்த்துவிட்டு வாயை அகலமாகத் திறந்தான்.

பெண் பார்க்கப் போன வீட்டில் பெண் மாப்பிள்ளையின் கடவாய்ப் பல்லைப் பார்த்தாள். தேக்கரண்டியைக் கண்ணாடி மாதிரி சாய்த்து வைத்துக்கொண்டு, மேலே திரும்புங்க, இந்தப் பக்கம் திரும்புங்க என்று சொல்லிச் சொல்லிப் பார்த்தாள். அப்புத்துரையும் எட்டிப் பார்த்தார். என் வீட்டுக்காரர் எதிலும் தலையிடாதவர், டார்ச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார். ஈறு எவ்வளவு சுத்தமாக இருக்கிறது, ஒரு இடத்தில்கூட வீக்கம் இல்லை, அழுக்குப் படிவே இல்லை என்று அவள் தனக்குள்ளே பேசிக்கொண்டாள். பிறகு நிமிர்ந்து, ரோஸ் கலர் மருந்து ஏதாவது கொப்பளிக்கிறீர்களா என்று கேட்டாள்.

அவன் தலையாட்டினான். எத்தனை நாளாக என்றாள்.

"ஏழு மாசம் பதினொரு நாள்."

அவள் கையிலிருந்த தேக்கரண்டி மடியில் விழுந்தது. அது இரண்டு வாரத்து மருந்து என்றாள். அதற்கு மேல் போனால், அதுவும் மேலே மேலே கோப்பி குடித்தால், பல் இப்படிப் பழுப்பாகிவிடும், சுருட்டும் இல்லை ஒன்றும் இல்லை, கிளினிக்கில் தேய்த்து எடுத்தால் போய்விடும் என்று அம்மாவைப் பார்த்துச் சொன்னாள். டாக்டர் இரண்டு வாரம் என்று சொல்லவில்லையா என்று அவனைக் கேட்டாள்.

"உள்ள வச்சு வாயால சொன்னாரு. எழுத்துல இல்லலா."

மணிபர்ஸைத் திறந்து முதல் பாட்டிலில் இருந்து உரித்தெடுத்த அந்தத் தாளைக் காட்டினான். அவள் அதை வாங்கி இரண்டு முறை படித்தாள். திருப்பிப் பின்பக்கமும் பார்த்தாள். ஒரு நாள்கூட விடவில்லையா என்றாள். அவன் சிறிது யோசித்துவிட்டு, சீனப் புத்தாண்டுக்குப் பட்டர்வொர்த் போய்த் திரும்பும்போது ஃபெர்ரி தாமதமாகி ஒரு மாலை மட்டும் ஆறு ஐம்பதுக்குக் கொப்பளித்ததாக ஒப்புக்கொண்டான். சொல்லும்போது குரல் இறங்கியது, அவனுக்கு நிஜமாகவே வருத்தம்.

அருந்ததி அந்தத் தாளை மடித்து அவனிடமே திருப்பிக் கொடுத்தாள்.

"எட்டு வருஷமா வாய் வலிக்கச் சொல்றேன், அக்கா. காலையில துலக்கு, ராத்திரியில துலக்குன்னு. பிள்ளைங்களும் கேக்க மாட்டாங்க, அவங்க அம்மா அப்பாவும் கேக்க மாட்டாங்க. சொன்னத அப்படியே செஞ்ச ஒரு ஆள இன்னிக்குத்தான் பாக்குறேன்."

என்னிடம்தான் சொன்னாள், ஆனால் என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. அப்போது யோகம்மா அக்கா குறுக்கே வந்து, அந்த மருந்தால் வேறு ஏதாவது ஆகுமா என்று கேட்டார். சிலருக்கு உப்பு ருசி தெரியாமல் போகும் அம்மா, நிறுத்தினால் சரியாகிவிடும் என்றாள் மகள். மார்ச் மாதத்திலிருந்து நடந்த உப்புச் சண்டையெல்லாம் எனக்கு ஒரே நொடியில் விளங்கிவிட்டது. யோகம்மா அக்காவுக்கு வேறொன்று விளங்கியது. அப்படியென்றால் என் வடை, என்று கேட்டுவிட்டு ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தார். நாங்கள் கூரையைப் பார்த்தோம். அப்புத்துரைதான், அந்த வீட்டில் எத்தனையோ வருஷத்தில் முதல்முறையாக, உப்புக் கொஞ்சம் தூக்கல்தான் என்று உண்மையைச் சொன்னார்.

பதில் சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள். வழக்கம்தான். ஆனால் வாசலில் யோகம்மா அக்கா என் கையைப் பிடிக்கவில்லை.

அடுத்த வாரம் போல ஒரு வாரத்தை நான் என் எதிரிக்கும் விரும்பமாட்டேன். ஞாயிறு போயிற்று, திங்கள், செவ்வாய் போயிற்று, ஒரு செய்தியும் இல்லை. கொப்பளிக்காதே என்று கெஞ்சினேன். அவள் வாயால்தானே சொன்னாள் என்றுவிட்டுக் கடிகாரத்தோடு குளியலறைக்குள் போனான். அதைவிட என்னை வாட்டியது வேறு. அவன் முகத்தில் சிரிப்பே இல்லை. பேசினால் உதடு பிரியாமல் முணுமுணுத்தான். ரேடியோவில் நகைச்சுவை நாடகம் ஓடும்போதுகூட வாயை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். சாப்பிடும்போது கையால் மறைத்துக்கொண்டான். மனசு விட்டுப்போயிற்று என்று நினைத்தேன். அவளை அவனுக்குப் பிடித்துவிட்டது, கிடைக்காது என்றும் தெரிந்துவிட்டது, நான்தான் அந்தத் தாளை எழுதிக் கொடுத்து அவனைக் கோமாளியாக்கிவிட்டேன். சமையலறையில் யாருக்கும் தெரியாமல் அழுதேன். குழம்பில் உப்புப் போட மறந்தேன், அவன் ஒன்றும் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை தபாலில் ஒரு பழுப்பு உறை வந்தது. பெயர் அவனுக்கு. ஆபீஸிலிருந்து வந்ததும் மேசையில் உட்கார்ந்து, ஸ்கேலை வைத்து ஓரத்தைக் கிழித்து, தாளை எடுத்துப் படித்தான். எனக்குப் பொறுக்கவில்லை, தோளுக்கு மேலாக நானும் படித்தேன். வட்டமான கையெழுத்து. மூன்று வரிதான்.

ஒன்று, ரோஸ் நிற மருந்து இன்று முதல் நிறுத்தப்படுகிறது. இரண்டு, கறையை எடுக்க வரும் சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு என் சிநேகிதி வேலை பார்க்கும் கிளினிக்குக்கு வரவும். மூன்று, அதன் பிறகு காலையும் மாலையும் பல் ஒழுங்காகத் துலக்கப்படுகிறதா என்பதை நானே நேரில் இருந்து பார்வையிடுவேன், இந்த மூன்றாவது உத்தரவுக்கு முடிவு தேதி கிடையாது.

கீழே அருந்ததி என்று கையெழுத்து. தேதியும் இருந்தது.

அவன் நான்கு முறை படித்தான். நான்காவது முறை காது சிவந்துவிட்டது. சுவரில் மணி ஆறரை அடித்தது, அவன் எழுந்திருக்கவில்லை. ஏழு மாதத்துக்குப் பிறகு அந்த வீட்டில் முதல்முறையாக ஆறரை மணிக்குச் சத்தம் இல்லை. ஆனால் அவன் உதடு மட்டும் அப்படியே இறுகி இருந்தது. கன்னம் துடிக்கிறது, கண் சிரிக்கிறது, வாய் திறக்கவில்லை. இதற்கு மேல் என்னடா வேண்டும், உனக்குச் சந்தோஷம் இல்லையா, ஒரு வாரமாக ஏன் இப்படி மூஞ்சியை வைத்துக்கொண்டிருக்கிறாய் என்று கத்திவிட்டேன்.

அவன் சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த தாளை எடுத்து என் முன்னால் வைத்தான்.

"இது இன்னும் ரத்தாகலையேக்கா."

என் கையெழுத்து, நான் போட்ட தேதி. நாயே என்று திட்டிக்கொண்டே பேனாவைத் தேடினேன். கண் மறைத்தது, எழுத்துக் கோணலாக வந்தது. குறுக்கே ரத்து என்று எழுதி, தவமணி என்று போட்டு, அவன் கேட்பதற்கு முன்பே தேதியும் போட்டேன். வாங்கிச் சரிபார்த்தான். மடித்தான். பிறகு சிரித்தான். முப்பத்திரண்டு பல்லும் கறுப்புக் கோப்பி நிறத்தில், மேலும் கீழுமாக, ஒரு வாரத்துச் சிரிப்பை மொத்தமாகச் சிரித்தான். சனிக்கிழமை ஒன்பது மணிக்கு அந்தக் கறையெல்லாம் போய்விடும் என்று நினைத்தபோது எனக்குக் கொஞ்சம் வருத்தமாகக்கூட இருந்தது.